க்யூட் நுழைவுத் தேர்வுக்குக் குமரி மாவட்டத்திலிருந்து ஆயத்தமாவது எப்படி

மார்ச் மாதக் கடைசியில் பிளஸ் டூ பொதுத்தேர்வின் இறுதித் தாளை எழுதிவிட்டு வீடு திரும்பும் மாணவருக்கு, க்யூட் எனப்படும் மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வுக்கு முன் ஏறத்தாழ ஏழு வாரங்களே கிடைக்கின்றன. 2025ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வு மார்ச் 25 அன்று முடிந்தது. க்யூட் மே 13 அன்று தொடங்கியது. இடையில் இருந்தவை 49 நாள்கள். குமரி மாவட்டத்தில் அந்த நாள்கள் எப்படிப்பட்டவை என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். ஊருக்கு ஊர் கோயில் கொடை விழா, புனித வாரமும் ஈஸ்டரும், விடுமுறைக்கு வந்து இறங்கும் உறவினர்கள், வாரத்துக்கு இரண்டு கல்யாண வீடு என்று ஆள் நடமாட்டம் ஓயாத காலம் அது. சின்னமுட்டம் போன்ற கிழக்குக் கடற்கரை ஊர்களில் ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கிவிடுவதால், வீடும் நிறைந்திருக்கும், கையில் காசும் குறைந்திருக்கும். இந்த ஏழு வாரங்களை எப்படிப் பயன்படுத்துவது என்பதையும், அதற்கு முன்பே முடித்து வைக்க வேண்டிய வேலைகள் எவை என்பதையும் இங்கே விளக்குகிறேன்.

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் இத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து வருகிறேன். பள்ளியில் முதல் மூன்று இடங்களுக்குள் வரும் பிள்ளைகளும் இதில் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். அவர்கள் கரைத்துக் குடித்தது தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் புத்தகத்தை; தேர்வு கேட்பதோ மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை. இரண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளி எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து, அதை மட்டும் குறிவைத்து அடைப்பதே இந்தத் தேர்வுக்கான ஆயத்தத்தில் முக்கால் பங்கு என்பது என் உறுதியான கருத்து. மீதி கால் பங்கு விண்ணப்பமும் சான்றிதழ்களும் கணினித் திரையில் பழக்கமும் சார்ந்தது.

தேர்வின் அமைப்பு

இத்தேர்வு 2022ஆம் ஆண்டில் அறிமுகமானது. தேசியத் தேர்வு முகமை இதை நடத்துகிறது. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், காசர்கோட்டில் உள்ள கேரள மத்தியப் பல்கலைக்கழகம், ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகம், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இளநிலைப் படிப்பில் சேர்வதற்கு இதுவே வாசல்.

2025இல் கொண்டுவரப்பட்ட அமைப்பின்படி 13 மொழித்தாள்கள், 23 துறைசார் பாடங்கள், ஒரு பொதுத்திறன் தாள் என மொத்தம் 37 பாடங்கள் உள்ளன. அவற்றுள் அதிகபட்சம் ஐந்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு தாளிலும் 50 கேள்விகள். அனைத்துக்கும் விடையளிக்க வேண்டும். நேரம் 60 நிமிடம். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைப்பு, விடையளிக்காமல் விட்டால் ஒன்றும் இல்லை. தேர்வு முழுவதும் கணினியில் நடைபெறுகிறது. விதிமுறைகள் ஆண்டுதோறும் சிறிது மாறுவதால், அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டைத் தேர்வு முகமையின் இணையதளத்திலிருந்து இறக்கி, ஒரு முறையாவது முழுமையாக வாசித்துவிட வேண்டும்.

பாடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் படிப்பைத் தேர்ந்தெடுங்கள்

பலர் தமக்குப் பிடித்த ஐந்து பாடங்களை முதலில் குறித்துவிட்டு, தேர்வு முடிந்த பிறகு எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் படிப்பு கிடைக்கும் என்று தேடுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகமும், ஒவ்வொரு படிப்புக்கும், எந்தெந்தத் தாள்களின் மதிப்பெண்ணைக் கணக்கில் எடுக்கும் என்பதைத் தனித்தனியே அறிவிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் சிறப்புப் படிப்பில் சேர விரும்பும் மாணவர் ஒரு மொழித்தாளோடு கணிதத் தாளையும் கட்டாயம் எழுதியிருக்க வேண்டும். வணிகவியல் பிரிவில் படித்த பிள்ளை பொருளியலில் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், கணிதத் தாளை எழுதாமல் விட்டிருந்தால் அந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்கவே இயலாது.

எனவே முதலில் மூன்று அல்லது நான்கு படிப்புகளை முடிவு செய்யுங்கள். ஒரு தாளில் அவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக அந்தப் பல்கலைக்கழகம் கேட்கும் தாள்களை எழுதுங்கள். எல்லா வரிசையிலும் பொதுவாக வரும் தாள்கள் எவை என்று பார்த்தால், நீங்கள் எழுத வேண்டிய ஐந்து தாள்கள் தாமாகவே வெளிப்படும். இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

மொழித்தாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்த்தாள் எளிது என்று எண்ணி, தமிழை மட்டும் எடுப்பவர்களும் உண்டு. தமிழ்த்தாளால் பயனில்லை என்று எண்ணி, ஆங்கிலத்தை மட்டும் எடுப்பவர்களும் உண்டு. இரண்டுமே ஆராயாமல் எடுக்கும் முடிவு. சில படிப்புகள் ஆங்கிலத்தைக் குறிப்பிட்டுக் கேட்கின்றன. சில படிப்புகள் 13 மொழிகளில் எதையும் ஏற்கின்றன. எதையும் ஏற்கும் இடத்தில் தமிழில் 220 எடுக்கக்கூடிய பிள்ளை, ஆங்கிலத்தில் 150 எடுத்துக்கொண்டு நிற்பது வீண் இழப்பு. விளவங்கோடு பக்கம் மலையாளம் படித்த பிள்ளைகளுக்கும் இதே வாய்ப்பு உண்டு. 13 மொழிகளுள் மலையாளமும் ஒன்று.

விண்ணப்பமும் சான்றிதழும்

2025இல் விண்ணப்பப் பதிவு மார்ச் 1 அன்று தொடங்கியது. பொதுத்தேர்வு மார்ச் 3 அன்று தொடங்கியது. அதாவது இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக வந்தன. மண்டைக்காடு மாசிக் கொடைக்கு முன்னதாகவே விண்ணப்பத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்துவிட்டால், பொதுத்தேர்வின் நடுவில் பதற்றம் இருக்காது.

பெயர் விஷயத்தில் நம் ஊர்ப் பிள்ளைகள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், வங்கிக் கணக்கில் தந்தை பெயர் முழுமையாக இருக்கும். ஞானஸ்நானப் பெயர் ஒன்றும் பள்ளிப் பெயர் ஒன்றுமாக இருக்கும் வீடுகளும் இங்கே நிறைய. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயரை வைத்துக்கொண்டு, ஆதாரில் வேறுபாடு இருந்தால் டிசம்பர் மாதத்துக்குள் திருத்திவிடுவது நல்லது.

அடுத்தது மின்னஞ்சலும் கைபேசி எண்ணும். என்னிடம் படித்த ஒரு மாணவிக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார்கள். மின்னஞ்சல் முகவரி கேட்ட இடத்தில், அவளிடம் இல்லை என்பதற்காகத் தங்கள் கடையின் முகவரியைக் கொடுத்துவிட்டார்கள். தேர்வு நகரம் பற்றிய அறிவிப்பும், அனுமதிச் சீட்டு பற்றிய அறிவிப்பும் அந்த முகவரிக்கே சென்றன. அவள் அதை அறிந்தது தேர்வுக்கு மூன்று நாள் முன்னால். அன்று கடைக்காரர் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார். அந்த மூன்று நாளும் அந்தப் பிள்ளை ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. விண்ணப்பத்தை யார் தட்டச்சு செய்தாலும், மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் கடவுச்சொல்லும் மாணவருடையதாக இருக்க வேண்டும். மூன்றையும் ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

சாதிச் சான்றிதழில் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று நாம் வைத்திருக்கும் அட்டை மத்தியப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் போதாது. மத்திய அரசின் படிவத்தில் வழங்கப்படும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உள்ளன. உங்கள் சமூகம் மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் ஒன்றல்ல. அடுத்து, குடும்பம் கிரீமி லேயர் எனப்படும் வசதி படைத்தோர் வரம்புக்குள் வரக்கூடாது. ஆண்டு வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். அதைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேர்க்கப்படுவதில்லை. நம் மாவட்டத்தில் இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தென்னையும் வாழையும் நெல்லும் விவசாயம் என்ற கணக்கில் வரும். ரப்பர் தோட்டம் அப்படி வராது. 1993ஆம் ஆண்டு மத்திய அரசு ஆணை காபி, தேயிலை, ரப்பர் தோட்ட உரிமையாளர்களுக்கு வருமான வரம்புச் சோதனையைத் தனியாக விதித்திருக்கிறது. குலசேகரம், திருவட்டாறு, அருமனை பக்கத்தில் சொந்த ரப்பர் தோட்டம் உள்ள குடும்பத்தினர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் இதைக் கேட்டுத் தெளிவு பெறுவது பின்னால் வரும் சங்கடத்தைத் தவிர்க்கும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த பிறகு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படியேறி வரவேண்டியிருப்பதால், இதற்குச் சில வாரங்கள் ஒதுக்குங்கள். நடப்பு நிதியாண்டில் பெறப்பட்ட சான்றிதழையே பல்கலைக்கழகங்கள் கேட்கும் என்பதால் ஏப்ரல் பிறந்தவுடன் விண்ணப்பிப்பது சரியான நேரம்.

தேர்வு நகரங்களை வரிசைப்படுத்தும்போது, பட்டியலில் உள்ளவற்றுள் நாகர்கோவில், திருநெல்வேலி, திருவனந்தபுரம் என்று பக்கத்தில் இருப்பவற்றை முதலில் வையுங்கள். களியக்காவிளை, மார்த்தாண்டம் பகுதிப் பிள்ளைகளுக்குத் திருநெல்வேலியைவிடத் திருவனந்தபுரமே அருகில் இருக்கிறது. மாநில எல்லையைத் தாண்டுவதற்குத் தயங்க வேண்டியதில்லை.

இரண்டு புத்தகங்களுக்கு இடையில்

இனி முக்கியமான வேலைக்கு வருவோம். க்யூட் துறைசார் பாடங்களுக்கான பாடத்திட்டத்தைத் தேர்வு முகமையின் தளத்திலிருந்து இறக்கி, அச்செடுத்துக்கொள்ளுங்கள். என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் அந்நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. அவை ஆங்கிலம், இந்தி, உருது மொழிகளில்தான் உள்ளன. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு இதுவே முதல் தடை. அதைக் கடக்கும் வழியையும் கீழே சொல்கிறேன்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்துக் கோடு போடுங்கள். முதல் கட்டத்தில் க்யூட் பாடத்திட்டத்தின் தலைப்பு. இரண்டாவதில் அது நம் மாநிலப் பாடநூலில் எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில் வருகிறது என்ற குறிப்பு. மூன்றாவதில், வரவில்லை என்றால் ஒரு சிவப்புப் புள்ளி. எங்கள் வாசகசாலையில் இதை இடைவெளி நோட்டு என்று சொல்கிறோம். ஒரு பாடத்துக்கு இதைப் போட்டு முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குப் பின் எவ்வளவு படிக்க வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடுவதால், பிள்ளைகளின் முகத்திலேயே ஒரு தெளிவு வந்துவிடும்.

வரலாற்றுப் பாடத்தில் இந்த நோட்டைப் போட்டுப் பார்த்தால் இடைவெளி எவ்வளவு பெரியது என்று புரியும். நம் பன்னிரண்டாம் வகுப்பு வரலாறு இந்தியாவில் தேசியத்தின் எழுச்சியில் தொடங்கி, விடுதலைப் போராட்டம் வழியாகச் சென்று, பின்பாதியில் ஐரோப்பாவின் புரட்சிகள், இரண்டு உலகப் போர்கள், அவற்றுக்குப் பிந்தைய உலகம் ஆகியவற்றைச் சொல்கிறது. என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு வரலாறோ ஹரப்பாவில் தொடங்குகிறது. மகாஜனபதங்கள், மகாபாரதச் சமூகம், பௌத்தமும் சாஞ்சியும், வெளிநாட்டுப் பயணிகள், பக்தி சூஃபி மரபுகள், விஜயநகரம், முகலாயர் கால உழவர்கள், 1857, காந்தியடிகள், அரசமைப்பு உருவாக்கம் என்று அது போகிறது. உலகப் போர்கள் அதில் இல்லை. அப்படியானால் நம் பிள்ளை மார்ச் மாதம் வரை படித்ததில் ஒரு பாதி இத்தேர்வுக்கு வேண்டாதது. வேண்டியதில் பெரும்பகுதி அவர் பதினொன்றாம் வகுப்பில் படித்து, பழைய புத்தகக்காரரிடம் எடைக்குப் போட்ட புத்தகத்தில் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களைத் தயவுசெய்து யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

பொருளியலிலும் இதுவே நிலை. நம் பன்னிரண்டாம் வகுப்பு பேரினப் பொருளியலைச் சொல்கிறது. தேர்வு நுண்ணினப் பொருளியலையும் கேட்கும்; அது நமக்குப் பதினொன்றாம் வகுப்பில் வந்துபோயிற்று. கணக்குப்பதிவியலில் வேறு வகை இடைவெளி. கூட்டாண்மை அடிப்படை, கூட்டாளி சேர்ப்பு, விலகல், இறப்பு, நிறுமப் பங்குகள், விகிதப் பகுப்பாய்வு ஆகியவை இரண்டு புத்தகங்களுக்கும் பொது. கூட்டாண்மைக் கலைப்பு, கடனீட்டுப் பத்திரங்கள், ரொக்க ஓட்ட அறிக்கை ஆகிய மூன்றும் நம் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் பாடங்களாக இல்லை. இந்த மூன்றையும் புதிதாகக் கற்க மூன்று வாரங்கள் போதும். ஆனால் மே மாதத் தொடக்கத்தில்தான் இதைக் கண்டுபிடிக்கிறீர்கள் என்றால் மூன்று வாரங்கள் கையில் இருக்காது.

ஆங்கிலப் புத்தகத்தை எப்படி வாசிப்பது? தெரிந்த பாடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் அனுபவம். பயணிகளைப் பற்றிய பாடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசித்தோம். பதினான்காம் நூற்றாண்டில் மொராக்கோவிலிருந்து வந்த இபின் பதூதா, தம் நாட்டவர் அறியாத ஒரு மரத்தை விவரிக்கும் பகுதி அதில் எடுத்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பேரீச்சை மரம்போல் இருக்கும், காய் மனிதத் தலைபோல் இருக்கும், இரண்டு கண்ணும் ஒரு வாயும் இருக்கும், அதன் நாரைத் திரித்துக் கயிறாக்கி, இரும்பு ஆணிக்குப் பதிலாக அதனால் மரக்கலங்களைத் தைப்பார்கள் என்று எழுதுகிறார். ஒரு சொல்லுக்கும் அகராதி பார்க்காமல் உட்கார்ந்திருந்த ஈத்தாமொழிப் பையன் திடீரென்று நிமிர்ந்து, "சாரே, இவரு நம்ம தேங்காயையல்லா சொல்லுகாரு!" என்றான். அவன் வீட்டில் தேங்காய்த் தொண்டு அழுகப் போடுவதையும் கயிறு திரிப்பதையும் பார்த்து வளர்ந்தவன். அதன்பின் அந்தப் பாடத்தின் மீதிப் பக்கங்களை அவனே மற்றவர்களுக்கு வாசித்துச் சொன்னான். ஆங்கிலம் அவனுக்குத் தடையாக இருந்ததைவிட, இது எங்கோ யாருக்கோ எழுதப்பட்ட புத்தகம் என்ற எண்ணமே பெரிய தடையாக இருந்திருக்கிறது.

தமிழிலேயே வினாத்தாளைப் பெறும் வாய்ப்பு உண்டு. தமிழ்வழி மாணவர்கள் தயங்காமல் அதை எடுக்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பாளர் பயன்படுத்தும் கலைச்சொல் நம் பாடநூலில் உள்ள சொல்லாகவே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நற்பெயர் என்று நாம் படித்தது வேறொரு சொல்லில் வந்தாலும், அது குட்வில் என்பதைப் பிள்ளை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். இடைவெளி நோட்டின் கடைசிப் பத்துப் பக்கங்களை இதற்கு ஒதுக்கி, ஒவ்வொரு பாடத்துக்கும் நாற்பது ஐம்பது கலைச்சொற்களைத் தமிழும் ஆங்கிலமும் நேருக்கு நேராக எழுதி வையுங்கள். நம் மாநிலப் பாடநூல்களின் பின்பக்கங்களில் உள்ள கலைச்சொற்பட்டியல் இதற்குக் கைகொடுக்கும்.

ஏழு வாரங்களின் நடைமுறை

பொதுத்தேர்வு முடிந்ததும் இரண்டு மூன்று நாள் ஓய்வு எடுத்துக்கொள்ளட்டும். முதல் நான்கு வாரங்கள் சிவப்புப் புள்ளி வைத்த தலைப்புகளுக்கு மட்டுமே உரியவை. தெரிந்த பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பது மனத்துக்கு இதமாக இருக்கும், மதிப்பெண் கூட்டாது. ஐந்தாம், ஆறாம் வாரங்களில் காலையில் ஒரு பாடத்தில் ஒரு மணி நேரத் தேர்வு எழுதி, மாலையில் அதில் தவறியவற்றை மட்டும் புத்தகத்தில் தேடிப் படிக்க வேண்டும். ஏழாம் வாரத்தில் புதிதாக எதையும் தொட வேண்டாம்.

கொடை நடக்கும் ஊரில் ஒலிபெருக்கிக்கு நடுவே படிப்பது கடினம். அந்த மூன்று நாளும் பிள்ளையை வேறு ஊரில் உள்ள சித்தி வீட்டுக்கோ மாமா வீட்டுக்கோ அனுப்பி வைப்பதில் தவறில்லை. நாகர்கோவில் மாவட்ட மைய நூலகம் போல அமைதியாக உட்கார இடம் உள்ள நூலகங்களும் உண்டு. வீட்டிலேயே படிப்பதென்றால், அதிகாலை நாலரை முதல் ஏழரை வரையிலான மூன்று மணி நேரத்தைப் பிள்ளைக்கென்று ஒதுக்கிக் கொடுங்கள். ரப்பர் பால்வெட்டுக்கு விடியும் முன்பே எழுந்து போகும் வீடுகளில் இந்த நேரத்து விழிப்பு புதிதல்ல.

மொழித்தாளுக்குத் தனியாகப் பாடப்புத்தகம் இல்லை. செய்தி சார்ந்தது, இலக்கியம் சார்ந்தது, கதை போல் சொல்லப்பட்டது என மூவகைப் பத்திகளைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். சொற்பொருள், எதிர்ச்சொல், வாக்கியங்களை வரிசைப்படுத்தல் ஆகியவையும் வரும். தினமும் ஒரு நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரையை வாசித்து, அதன் மையக் கருத்தை இரண்டு வரியில் எழுதிப் பழகினால் போதும். பொதுத்திறன் தாளை எடுத்தவர்கள் ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்குகளான சதவீதம், விகிதம், சராசரி, வேலையும் நேரமும் ஆகியவற்றைத் தூசு தட்டிக்கொள்ள வேண்டும்.

அறுபது நிமிடமும் குறைப்பு மதிப்பெண்ணும்

ஐம்பது கேள்விக்கு அறுபது நிமிடம் என்றால் கேள்வி ஒன்றுக்கு 72 விநாடி. பத்தியை வாசிக்க வேண்டிய கேள்விகளும் கணக்குப் போட வேண்டிய கேள்விகளும் இதைவிட அதிகம் கேட்கும் என்பதால், நேரடிக் கேள்விகளை 40 விநாடியில் முடித்துப் பழக வேண்டும். முதல் சுற்றில் பார்த்தவுடன் தெரிந்தவற்றுக்கு மட்டும் விடையளித்து, 30 நிமிடத்துக்குள் ஐம்பதாவது கேள்வி வரை வந்துவிடுங்கள். அடுத்த 20 நிமிடத்தில் யோசித்தால் வரும் கேள்விகள். கடைசிப் பத்து நிமிடத்தில் ஐயமானவை.

ஐயமானவற்றை என்ன செய்வது என்பதில்தான் பெரும்பாலானோர் தவறான அறிவுரையைக் கேட்கிறார்கள். குறைப்பு மதிப்பெண் இருக்கிறது, தெரியாததைத் தொடாதே என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தி வைத்திருக்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு விடைகளுள் இரண்டு நிச்சயமாகத் தவறு என்று கழித்துவிட்டீர்கள். மீதி இரண்டில் ஒன்றைக் குறிக்கிறீர்கள். இப்படிப் பன்னிரண்டு கேள்விகளில் செய்தால் ஏறத்தாழ ஆறு சரியாகும், ஆறு தவறும். 30 மதிப்பெண் வரும், 6 போகும். 24 மதிப்பெண் மிச்சம். தொடாமல் விட்டிருந்தால் சுழியம். ஒரு விடையை மட்டும் கழிக்க முடிந்தாலும் சராசரியாகக் கேள்விக்கு ஒரு மதிப்பெண் கிடைக்கும். ஆகவே ஒரு விடையையாவது காரணத்தோடு கழிக்க முடிந்த எந்தக் கேள்வியையும் விட்டுவிடாதீர்கள்.

கழிப்பதற்கும் பயிற்சி வேண்டும். அல்பிரூனி, இபின் பதூதா, அப்துர் ரசாக், பெர்னியர் ஆகிய நால்வரையும் காலவரிசைப்படுத்தச் சொல்லி ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நால்வரின் காலமும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அல்பிரூனி கஜினி முகமது காலத்தவர், எனவே பதினொன்றாம் நூற்றாண்டு; பெர்னியர் ஔரங்கசீப் காலத்தவர், எனவே பதினேழாம் நூற்றாண்டு என்ற இரண்டு மட்டும் தெரிந்தாலே, அல்பிரூனியில் தொடங்காத விடைகளும் பெர்னியரில் முடியாத விடைகளும் விழுந்துவிடும். மீதி இருவரில் இபின் பதூதா முந்தியவர், விஜயநகரத்துக்கு வந்த அப்துர் ரசாக் பதினைந்தாம் நூற்றாண்டினர் என்பது நினைவுக்கு வந்தால் விடை கையில். பயிற்சித் தேர்வைத் திருத்தும்போது, சரியான விடை எது என்பதோடு நிறுத்திவிடாமல், மற்ற மூன்றும் ஏன் தவறு என்பதையும் ஒரு வரியில் எழுதப் பழகுங்கள்.

கணினித் திரையைப் பொறுத்தவரை, கைபேசியில் எழுதும் பயிற்சித் தேர்வு போதாது. தேர்வு முகமையின் தளத்திலேயே மாதிரித் தேர்வு உள்ளது. பள்ளியின் கணினி ஆய்வகத்திலோ, தெரிந்தவர் வீட்டுக் கணினியிலோ மௌஸைப் பிடித்து நான்கைந்து தடவையாவது அதை எழுதிப் பார்க்க வேண்டும். விடையளித்த கேள்வியின் எண் பச்சையாகவும், பார்த்துவிட்டு விடையளிக்காதது சிவப்பாகவும், மறுபரிசீலனைக்கு ஒதுக்கியது ஊதாவாகவும் தெரியும். விடையைத் தெரிவு செய்த பிறகு சேமித்து அடுத்ததற்குச் செல்லும் பொத்தானை அழுத்தாமல், எண்ணைத் தட்டி வேறு கேள்விக்குத் தாவினால் அந்த விடை பதிவாகாது. இதில் மதிப்பெண் இழந்த பிள்ளையை எனக்குத் தெரியும். ஏழு கேள்விக்குச் சரியான விடை தெரிந்திருந்தும் ஒன்றும் பதிவாகவில்லை.

தேர்வு நாளும் அதற்குப் பின்னும்

ஐந்து தாள்களும் ஒரே நாளில் வரும் என்று எண்ண வேண்டாம். வெவ்வேறு நாள்களில் வரலாம். அனுமதிச் சீட்டு வந்ததும் மையத்தின் முகவரியை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. வெளியூர் மையமென்றால் முந்தைய நாளே போய்த் தங்க முடியுமா என்று பாருங்கள். மே மாதக் கடைசியில் மேற்குப் பக்கம் மழை தொடங்கிவிடக்கூடும் என்பதால், காலை நேரத் தேர்வுக்குப் பேருந்தை மட்டும் நம்பிப் புறப்படுவதாக இருந்தால், ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அனுமதிச் சீட்டு, அசல் அடையாள அட்டை, புகைப்படம் ஆகியவற்றை இரவே எடுத்து வையுங்கள்.

வேறு வேளையில் எழுதியவரின் வினாத்தாள் எளிதாக இருந்ததாமே என்று வருந்துவதில் பயனில்லை. ஒரே பாடம் பல வேளைகளில் நடக்கும்போது, அந்தந்த வேளையில் எழுதியவர்களுள் ஒருவர் நின்ற இடத்தை வைத்து மதிப்பெண்ணைச் சமன்செய்கிறார்கள். தற்காலிக விடைக்குறிப்பு வெளியானதும் உங்கள் விடைகளோடு ஒப்பிடுங்கள். குறிப்பே தவறு என்று புத்தகத்தின் பக்கத்தோடு காட்ட முடிந்தால் மறுப்புத் தெரிவிக்கலாம். அண்மை ஆண்டுகளில் கேள்வி ஒன்றுக்கு 200 ரூபாய் கட்டணம், அது திரும்பக் கிடைக்காது.

மதிப்பெண் வந்துவிட்டால் இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்து வீட்டில் இருந்துவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. க்யூட் மதிப்பெண் தானாக எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பம் ஆகாது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தளத்திலும் தனித்தனியே பதிவு செய்து, படிப்புகளை விருப்ப வரிசையில் கொடுக்க வேண்டும். அந்த வரிசையை, கிடைக்குமா என்ற கணக்கில் போடாமல், உண்மையில் எதைப் படிக்க விரும்புகிறீர்களோ அதை முதலில் வைத்து நிரப்புங்கள். மேலே உள்ளது கிடைக்காவிட்டால்தான் கீழே உள்ளதைப் பார்ப்பார்கள்.

2025இல் முடிவு வெளியானது ஜூலை 4 அன்று. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நம் மாவட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடக்கும் சேர்க்கை அதற்கு முன்பே தொடங்கிவிடும். ஆகவே மே மாதமே அங்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். அங்கே சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கொடுக்க வேண்டியிருந்தால், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் முன்கூட்டியே ஸ்கேன் செய்து, சான்றொப்பமிட்ட நகல்கள் இரண்டு செட் எடுத்துக்கொள்ளுங்கள். திருவாரூரிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ அழைப்பு வந்தால் அசலைத் திரும்பப் பெற எத்தனை நாள் ஆகும், கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதைச் சேரும் அன்றே அலுவலகத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.